கட்டைவிரல் அகலம் கூடினால் மலைப்பாதையில் என்ன ஆகும்? ஃபோர்க் டிராவல்: நீலகிரியில் ஓட்டுபவர்களுக்கான முழு வழிகாட்டி

20 மி.மீ. என்பது ஒரு கட்டைவிரல் அகலம். மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அமுங்கி எழுவதுதான் ஃபோர்க்; அது எவ்வளவு தூரம் அமுங்கும் என்பதே டிராவல். கடையில் 100 மி.மீ. டிராவல் ஃபோர்க்கையும் 120 மி.மீ. ஃபோர்க்கையும் அருகருகே வைத்தால் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதே ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு கோத்தகிரிப் பக்கம் ஏதாவது ஒரு எஸ்டேட் பாதையில் முதல் கியரில் ஏறிப் பாருங்கள். நேற்றுவரை நூல் பிடித்தமாதிரிப் போன முன்சக்கரம் இன்று இடமும் வலமுமாக அலையும்.

"அண்ணே, 140 போட்டா இன்னும் மெத்துன்னு இருக்கும்ல?" என்று கேட்காத ஆள் கிடையாது. டிராவலைக் கூட்டினால் மெத்தை தடிமனாகும், அது உண்மை. கூடவே சைக்கிளின் மூக்கு தூக்கிக்கொள்ளும், சீட் பின்னால் சாயும், பெடல் உயரும், ஹேண்டில்பார் உங்களை நோக்கி நகரும். இவ்வளவையும் சேர்த்து வாங்குகிறோம் என்பது பில் போடும்போது யாருக்கும் தெரிவதில்லை. புது ஃபோர்க் வாங்கும் முன், இருக்கிற ஃபோர்க்கின் அமுக்கத்தைக் கூட்டிக் குறைத்தே இந்த மாற்றங்களில் பெரும்பகுதியை ஓட்டிப் பார்த்துவிட முடியும். அதை எப்படிச் செய்வது, அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே.

கீழே வரும் கணக்கெல்லாம் 29 இஞ்ச் சக்கரம், சுமார் 1150 மி.மீ. வீல்பேஸ் (இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே உள்ள தூரம்) உள்ள ஹார்டுடெயிலுக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளுக்கு. 27.5 இஞ்ச்சுக்கும் பெரிய வித்தியாசம் வராது. ஃபுல் சஸ்பென்ஷன் (பின்பக்கமும் அமுங்கும் சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி உண்டு.

முதலில் டேப்பும் ஒரு கேபிள் டையும்

ஃபோர்க்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரே மாடல் பல டிராவலில் வரும், ஸ்டிக்கர் ஒன்றாகவே இருக்கும். வெளியே பளபளவென்று தெரிகிற ஸ்டான்ஷனின் (உள்ளே போய்வரும் மேல்குழாய்) நீளத்தை அளந்தாலும் தப்பு. முழுக்க அமுங்கிய பிறகும் அதில் கொஞ்சம் வெளியே மிஞ்சும். அளக்கும் முறை இது:

1. ஸ்டான்ஷனில் ரப்பர் வளையம் இல்லையென்றால் மெல்லிய கேபிள் டை ஒன்றை, விரலால் தள்ளினால் நகர்கிற அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, டையை டஸ்ட் சீல் (ஸ்டான்ஷன் உள்ளே நுழையும் இடத்தில் தூசி தடுக்கும் ரப்பர்) வரை கீழே இறக்குங்கள்.
2. ஏர் ஃபோர்க் (காற்றால் தாங்குவது) என்றால் ஷாக் பம்ப்பை (ஃபோர்க்குக்கான கைப்பம்ப்) மாட்டி இப்போதைய காற்றளவைக் குறித்துக்கொண்டு, பிறகு வால்வை அமுக்கி மெதுவாகக் காற்றை வெளியே விடுங்கள். காயில் ஃபோர்க் (ஸ்ப்ரிங்கால் தாங்குவது) என்றால் ப்ரீலோடு திருகை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது) முழுக்கத் தளர்த்துங்கள்.
3. ஹேண்டில்பாரில் உடம்பின் பாரத்தைப் போட்டு, அடியில் முட்டும் வரை அமுக்குங்கள். காயிலுக்கு இரண்டு பேர் வேண்டியிருக்கும். இந்த நிலையில் டயருக்கும் க்ரவுனுக்கும் (ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் மேலே இணைக்கும் பகுதி) நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், 6 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த டயர் அந்த ஃபோர்க்குக்குப் பெரியது.
4. காற்றைத் திரும்ப அடித்து ஃபோர்க் முழு நீளத்துக்கு வந்ததும், சீலிலிருந்து டை வரை அளந்தால் கிடைப்பதுதான் உண்மையான டிராவல்.

அடுத்து, ஆக்சில் நடுப்புள்ளியிலிருந்து க்ரவுனில் ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) வளையம் உட்காரும் இடம் வரை அளந்து எழுதி வையுங்கள். சைக்கிளின் சாய்வைத் தீர்மானிப்பது டிராவல் எண்ணைவிட இந்த நீளம்தான். இரண்டு கம்பெனியின் 120 மி.மீ. ஃபோர்க்குகள் இந்த அளவில் பத்து மி.மீ. வேறுபடுவது சாதாரணம். ஒரே மாடலுக்குள் டிராவல் 10 கூடினால் இதுவும் 10 கூடும்.

கடைசியாக ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் தரையோடு நிற்கும் கோணம். போனில் இருக்கும் மட்டப்பலகை ஆப்பைத் திறந்து, போனின் ஓரத்தை ஸ்டான்ஷன் மேல் ஒட்டி வைத்தால் போதும். நம் ஊரில் சமமான தரை கிடைப்பதுதான் பிரச்சினை. மொட்டை மாடிகூடத் தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்ந்துதான் இருக்கும். அதனால் சக்கரங்கள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு ஒருமுறை அளந்து, சைக்கிளை அப்படியே திருப்பி அதே குறிகளில் நிறுத்தி இன்னொருமுறை அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். தரையின் சாய்வு அடிபட்டுப் போய்விடும்.

அந்த 20 மி.மீ. எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது

ஃபோர்க் 20 மி.மீ. நீளமானால், சைக்கிள் பின்சக்கர ஆக்சிலை அச்சாக வைத்துப் பின்னால் சுழல்கிறது. ஏறத்தாழ ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரி இப்படிப் பிரியும்:

ஹெட் ஆங்கிள் 68 டிகிரி இருந்தால் 67 ஆகும். பெடல் அச்சு சுமார் 7 மி.மீ. உயரும். சீட் ட்யூபும் அதே ஒரு டிகிரி பின்னால் சாய்வதால், சீட் பெடலுக்கு மேலே 70 செ.மீ. உயரத்தில் இருப்பவருக்கு உட்காரும் இடம் 11–12 மி.மீ. பின்னுக்குப் போகும். பெடலிலிருந்து ஹெட் ட்யூப் (ஃப்ரேமின் முன்குழாய்) வரையுள்ள முன்தூரம் 10 மி.மீ. குறையும்; அதே ஹெட் ட்யூப் பெடலைவிட 7 மி.மீ. கூடுதல் உயரத்தில் நிற்கும்.

ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை முக்கியமான இன்னொரு அளவு உண்டு. ஸ்டீயரர் ட்யூபின் (ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பார் நோக்கி மேலே போகும் குழாய்) கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம். இதற்கும் டிரெயில் என்றுதான் பெயர், காட்டுப்பாதையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மளிகைக்கடைத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் இழுக்கும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வதும் இதே தூரத்தால்தான். 51 மி.மீ. ஆஃப்செட் (ஸ்டீயரர் கோட்டிலிருந்து ஆக்சில் முன்தள்ளி நிற்கும் தூரம்) உள்ள ஃபோர்க்கில் 68 டிகிரிக்கு இது 94 மி.மீ. அளவில் இருக்கும், 67 டிகிரிக்கு 101. வேகமாகப் போகும்போது இந்த 7 மி.மீ. முன்சக்கரத்தை நேராகப் பிடித்து வைக்கும். நடக்கும் வேகத்தில் இதுவே ஹேண்டில்பாரைத் திருப்பிய பக்கம் கவிழ்ந்து விழ வைக்கும். ஒரே மாற்றம் இறக்கத்தில் நண்பன், ஏற்றத்தில் எதிரி.

இதெல்லாம் ஆள் ஏறாத சைக்கிளின் கணக்கு. ஏறி நின்றதும் ஃபோர்க் தானாகக் கொஞ்சம் அமுங்கும். அதற்கு ஸாக் என்று பெயர். 100 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் ஸாக் வைத்தால் 20 மி.மீ. அமுங்கும். 120-ல் 25 சதவீதம் வைத்தால் 30 அமுங்கும். அப்படியானால் ஓட்டும்போது இரண்டுக்கும் மிஞ்சும் வித்தியாசம் 10 மி.மீ., அதாவது அரை டிகிரிதான்.

ஆனால் லாக்அவுட் (ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் வசதி) போட்டால் அந்தச் சலுகை போய்விடும். பெரும்பாலான லாக்அவுட்கள் அமுங்குவதைத்தான் தடுக்கும், மேலே எழுவதைத் தடுக்காது. ஏற்றத்தில் முன்பாரம் குறைந்ததும் ஃபோர்க் மெல்ல மெல்ல முழு நீளத்துக்கு எழுந்து அங்கேயே பூட்டிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 1400 மீட்டருக்கு மேல் தார் ரோட்டில் ஏறுகிற நாளில் முழு 20 மி.மீ.யும் உங்கள் முதுகில்தான்.

ஏற்றம்

12 சதவீதச் சரிவு என்றால் சைக்கிள் ஏற்கெனவே ஏழு டிகிரிக்குப் பக்கத்தில் பின்னால் சாய்ந்து நிற்கிறது. அதன் மேல் இந்த ஒரு டிகிரி. சீட்டும் 11 மி.மீ. பின்னால் போயிருக்கிறது. முன்சக்கரத்தில் பாரம் குறைகிறது, கவிழ்ந்து திரும்பும் குணம் கூடுகிறது. தேயிலைத் தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கமாக ஏறும்போது சக்கரம் கையை மீறித் திரும்பி, வேகம் செத்து, கால் ஊன்ற வேண்டி வருவதற்கு இதுதான் காரணம். காலில் பலமில்லை என்று நினைத்து நொந்துகொள்பவர்களே அதிகம்.

சரிசெய்ய மூன்று வேலை இருக்கிறது. சீட்டை அதன் கம்பியில் 10 மி.மீ. முன்னால் தள்ளி, மூக்கை ஒரு டிகிரி இறக்குங்கள். ஃபோர்க் மாற்றத்தால் சீட் பின்னுக்குப் போனது கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பும். ஸ்டெம்முக்குக் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பகுதி) கீழே இருக்கும் ஸ்பேசர் வளையங்களில் 10 மி.மீ. எடுத்து மேலே வையுங்கள். டயரில் காற்றையும் பாருங்கள்: மொரமொரவென்று கல் பரவிய ஏற்றத்தில் 40 பி.எஸ்.ஐ. அடித்த டயர் தெறித்துத் தெறித்துத்தான் போகும், எந்த ஃபோர்க்காலும் அதைக் காப்பாற்ற முடியாது. 70 கிலோ ஆளுக்கு 2.25 இஞ்ச் டயரில் ட்யூப் இருந்தால் 28 முதல் 32, ட்யூப்லெஸ் என்றால் 22 முதல் 26 போதும். இந்த மூன்றையும் செய்த பிறகும் அலைந்தால் அந்த ஃப்ரேமுக்கு அந்த ஃபோர்க் நீளம்தான்.

இறக்கம்

இங்கேதான் நீள ஃபோர்க் தன் விலையைத் திரும்பத் தரும், அதுவும் பாதிதான்.

பழைய எஸ்டேட் ரோடுகளில் கருங்கல் பாவியிருப்பார்கள். சோலை ஓரங்களில் வேர்கள். தேயிலைச் சரிவுகளில் தொழிலாளர்கள் இறங்கும் படிக்கட்டுகள். ரோட்டின் குறுக்கே மழைத்தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால்கள். 100 மி.மீ. ஃபோர்க் படிகளில் மூன்றாவது நான்காவது படிக்குள் அடி முட்டும். 120 அல்லது 130 அங்கே நிச்சயமாக மூச்சு விட இடம் கொடுக்கும். சாய்ந்த ஹெட் ஆங்கிள் வாய்க்காலில் சக்கரம் இறங்கும்போது சைக்கிளைக் குப்புறத் தள்ளாமல் காக்கும்.

பாதி என்றதற்குக் காரணம் ஹார்டுடெயில். முன்பக்கம் மட்டும் அமுங்குகிறது, பின்பக்கம் அப்படியே நிற்கிறது. 120 மி.மீ. ஃபோர்க் ஸாக் நிலையிலிருந்து அடி முட்டும் வரை போனால் ஹெட் ஆங்கிள் நான்கு டிகிரிக்கு மேல் செங்குத்தாகிவிடும். சாய்ந்த கோணம் வேண்டுமென்று வாங்கிய ஃபோர்க், அது அதிகம் தேவைப்படும் இடத்தில், முன்பிரேக் பிடித்துப் படியிறங்கும் அந்த நொடியில், 72 டிகிரிக்கு மேல் நிற்கிறது. டிராவல் கூடக்கூட இந்த ஊஞ்சலாட்டம் பெரிதாகும். ஹார்டுடெயிலில் 140-க்கு மேல் போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அந்த அளவும் அதற்கென்றே வடிவமைத்த ஃப்ரேமாக இருந்தால் மட்டும்.

ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கமும் சேர்ந்து அமுங்குவதால் கோணம் இவ்வளவு ஆடாது. அதில் தொழிற்சாலை அளவைவிட 10 மி.மீ. கூட்டுவது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். ஒரேயடியாக 30 கூட்டினால் முன்பக்கம் விழுங்குவதைப் பின்பக்கம் விழுங்க முடியாமல் உதைக்கும்.

சமதள வளைவுகளில் ஒரு எச்சரிக்கை. கற்பூர மரத் தோப்பில் காய்ந்த இலையும் பட்டையும் விரித்த பாய்போல் கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு செம்மண் வெண்ணெய் மாதிரி. மூக்கு தூக்கிய சைக்கிளில் பாரம் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் சொல்லாமல் வழுக்கும். முழங்கைகளை மடக்கி, நெஞ்சை ஹேண்டில்பாருக்கு மேல் கொண்டுபோய்த் திருப்பினால்தான் பிடிக்கும்.

காசில்லாத சோதனை

120 மி.மீ. ஃபோர்க்கில் 15 சதவீத ஸாக் என்றால் 18 மி.மீ. 30 சதவீதம் என்றால் 36. இரண்டுக்கும் இடையே 18 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு டிகிரி. புது ஃபோர்க் வாங்கினால் வரும் கோண மாற்றத்தை ஷாக் பம்ப்பை வைத்துக்கொண்டே உணர்ந்துவிடலாம்.

ஸாக் வைக்கும் முறை: தண்ணீர், பை, ஹெல்மெட், மழைக்கோட்டு எல்லாம் சேர்த்து, வழக்கமாக ஓட்டும் கோலத்தில் வாருங்கள். லாக்அவுட்டைத் திறந்து விடுங்கள். சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, ஒரு முழங்கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, பெடல்களைக் கிடைமட்டமாக வைத்து எழுந்து நில்லுங்கள். இரண்டு மூன்று முறை குதித்து ஃபோர்க்கை இளக்கிவிட்டு அசையாமல் நிற்க, இன்னொருவர் ரப்பர் வளையத்தைச் சீல் வரை இறக்கட்டும். ஆட்டாமல் இறங்கி அளந்து பாருங்கள். ஏற்றமும் இறக்கமும் கலந்த நம் பாதைகளுக்கு 20 முதல் 25 சதவீதம் நல்ல தொடக்கம். அதாவது 100-க்கு 20–25 மி.மீ., 120-க்கு 24–30.

காற்றடிக்கும்போது இரண்டு விஷயம். ஃபோர்க்குக்குள் மேலறை, எதிரறை என்று இரண்டு உண்டு. ஒவ்வொரு 20 பி.எஸ்.ஐ.க்கும் நிறுத்தி, பத்துமுறை நன்றாக அமுக்கி விட்டால்தான் இரண்டும் சமமாகும். ஒரே மூச்சில் அடித்து ஓட்டினால் முதல் இறக்கத்திலேயே அளவு மாறிவிடும். அடுத்தது, பம்ப்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் பம்ப் குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கின் காற்று இல்லை. திரும்ப மாட்டிப் பார்த்தால் குழாய் நிரம்பக் கொஞ்சம் காற்று போவதால் முள் குறைத்துத்தான் காட்டும். "லீக் ஆகுது" என்று கடைக்கு வரும் ஃபோர்க்குகளில் இந்த ரகம் நிறைய.

இப்போது சோதனை. ஓர் ஏற்றமும் இறக்கமும் இரண்டு வளைவும் உள்ள, பத்து நிமிடத்தில் முடிகிற ஒரு சுற்றைத் தேர்ந்தெடுங்கள். 25 சதவீதத்தில் ஒரு சுற்று. காற்றைக் கூட்டி 15 சதவீதத்தில் ஒரு சுற்று: முன்பக்கம் உயர்ந்து, கோணம் சாய்ந்திருக்கும். ஃபோர்க் விறைப்பாக இருப்பதைக் கண்டுகொள்ளாமல், ஏற்றத்தில் சக்கரம் அலைகிறதா, வளைவில் கவிழ்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு 30 சதவீதத்தில் ஒன்று. 15 சதவீத ஓட்டத்தில் ஏற்றம் வெறுத்துப் போனால், நீள ஃபோர்க் உங்களுக்கு வேண்டாம். காயில் ஃபோர்க்காரர்கள் ப்ரீலோடு திருகை வைத்து இதே சோதனையைக் கொஞ்சம் செய்யலாம். அது ஸாக்கை மட்டும் மாற்றும், ஸ்ப்ரிங்கின் விறைப்பை மாற்றாது. எடைக்குப் பொருந்தாத ஸ்ப்ரிங் என்றால் ஸ்ப்ரிங்கையே மாற்ற வேண்டும்.

மலையேறினால் காற்றும் மாறும்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14 பி.எஸ்.ஐ. அளவு. 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 11-ஐக் கொஞ்சம் தாண்டும். பம்ப்பின் முள் காட்டுவது வெளிக்காற்றோடு உள்ள வித்தியாசத்தைத்தான். கீழே 80 வைத்த ஃபோர்க் வெப்பம் மாறாமல் இருந்தால் மேலே 83 காட்ட வேண்டும். ஆனால் குளிர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கீழே 34 டிகிரி மதியத்தில் 80 வைத்தது, ஊட்டியில் 8 டிகிரி விடியலில் 75-க்கு இறங்கும். அதே ஊட்டியில் 20 டிகிரி மதியத்தில் 78–79. ஓட்டும் இடத்தில், ஓட்டும் நேரத்தில் ஸாக் பார்ப்பதே சரி.

இதைவிடத் தொல்லை கொடுப்பது லோயருக்குள் (ஃபோர்க்கின் கீழ்க்கால்கள்) சிக்கிய காற்று. சர்வீஸ் முடித்து சமவெளியில் மூடிய ஃபோர்க்கின் கால்களுக்குள் அங்கத்திய காற்றுதான் இருக்கும். மலைக்கு வந்ததும் அது உப்பிக்கொண்டு ஸ்டான்ஷனை வெளியே தள்ளும். முதல் சில மில்லிமீட்டர் மரக்கட்டை மாதிரி இருக்கும், கடைசிச் சில மில்லிமீட்டர் கிடைக்கவே கிடைக்காது. சில உயர்ரக ஃபோர்க்குகளில் இதை வெளியேற்றப் பின்பக்கம் சின்னப் பொத்தான் உண்டு. இல்லாதவற்றில், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க்கை முழுக்க நீட்டி, முனை மழுங்கிய மெல்லிய கேபிள் டையை டஸ்ட் சீலுக்கும் ஸ்டான்ஷனுக்கும் இடையே மெதுவாக நுழைத்தால் 'உஸ்' என்று போய்விடும். இரண்டு காலிலும் செய்யுங்கள். ஸ்டான்ஷனைத் துடைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ஒரு மணல் பொடி உள்ளே போனாலும் கீறல் விழும். ஸ்க்ரூடிரைவரை அங்கே கொண்டுபோகவே கூடாது.

மார்கழி, தை உறைபனிக் காலையில் டாம்பர் (ஃபோர்க்கின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஆயிலும் கெட்டியாகும். ரீபவுண்ட் (அமுங்கிய பிறகு திரும்ப எழும் வேகம்) மந்தமாகி, கருங்கல் ரோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் அமுங்கிய ஃபோர்க் அடுத்த கல்லுக்குள் எழ முடியாமல் படிப்படியாக உள்ளே புதையும். 120 மி.மீ. ஃபோர்க் வைத்திருந்தும் 60-ல் ஓட்டுகிற நிலை. ரீபவுண்ட் திருகை ஒன்று இரண்டு க்ளிக் வேகமான பக்கம் திருப்பி, வெயில் ஏறியதும் திரும்ப வையுங்கள். அடிப்படை அளவைக் கண்டுபிடிக்க, ஹேண்டில்பாரை ஓங்கி அமுக்கிச் சட்டென்று விடுங்கள்: சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் வேகம் அதிகம், மெத்தையிலிருந்து எழுகிற மாதிரி சோம்பலாக வந்தால் மந்தம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முதல் கேள்வி, ஃப்ரேம் தயாரித்தவர் எவ்வளவு நீள ஃபோர்க் வரை அனுமதிக்கிறார்? கையேட்டில் டிராவலாகவோ ஆக்சில்–க்ரவுன் நீளமாகவோ இருக்கும். அதைத் தாண்டினால் வாரண்டி போகும் என்பது சின்ன விஷயம். நீண்ட ஃபோர்க் ஹெட் ட்யூபை நெம்புகோல்போல் நெம்பும். வெடிப்பு வந்தால் டவுன் ட்யூப் சேரும் வெல்டிங்கில்தான் வரும். கையேடே கிடைக்காத ஃப்ரேமில், வந்தபோது இருந்த நீளத்துக்கு மேல் 20 மி.மீ. என்பதைக் கடைசி எல்லையாக வையுங்கள்.

இரண்டாவது ஸ்டீயரர். பழைய ஃப்ரேம்களில் மேலும் கீழும் ஒரே குண்டான, 28.6 மி.மீ. நேர் ஸ்டீயரர். இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் கீழே 1.5 இஞ்ச் ஆகும் டேப்பர். ஹெட் ட்யூபின் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தால் வெளியே துருத்தும் கீழ்க் கப் போட்டு டேப்பர் ஏற்றலாம். ஆனால் அந்தக் கப்பே முன்பக்கத்தை 10 மி.மீ.க்கு மேல் உயர்த்தும். அதையும் ஃபோர்க் நீளத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 34 மி.மீ. ஹெட் ட்யூப் என்றால் டேப்பர் ஏறவே ஏறாது, லேத் பட்டறையில் கடைந்து பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

மூன்றாவது ஆக்சில். 9 மி.மீ. க்விக் ரிலீஸ், 15×100, 15×110 பூஸ்ட் மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. சில ஹப்களுக்கு அடாப்டர் உண்டு; இல்லாவிட்டால் சக்கரத்தையும் வாங்க வேண்டும். பட்ஜெட் பெரும்பாலும் உடைவது இங்கேதான். பிரேக் மவுண்ட் 160 மி.மீ. டிஸ்க்குக்கா 180-க்கா என்பதையும் பாருங்கள்.

28–30 மி.மீ. ஸ்டான்ஷன் உள்ள காயில் ஃபோர்க்கில் 120 மி.மீ. டிராவல் வாங்குவதை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. நீளம் கூடியதும் கால்கள் முன்னும் பின்னும் வளையும்; பிரேக் பிடித்தால் நடுங்கும்; உரசல் கூடி அந்தக் கூடுதல் டிராவல் உபயோகத்துக்கே வராது. 32 மி.மீ. ஸ்டான்ஷனும் ஒழுங்கான டாம்பரும் உள்ள 100 மி.மீ. ஏர் ஃபோர்க் அதைத் தோற்கடிக்கும்.

உங்கள் ஏர் ஃபோர்க்கையே 100-லிருந்து 120 ஆக்க முடியுமா என்றும் பாருங்கள். சில மாடல்களில் உள்ளே ஸ்பேசரைக் கழற்றினால் போதும், சிலவற்றில் ஏர் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், பலவற்றில் முடியவே முடியாது. முடிகிற மாடல் என்றால் வேலை வரிசை இது: காற்றை முழுக்க, கடைசிச் சொட்டு வரை வெளியேற்றுங்கள். அடியிலுள்ள போல்ட்டுகளை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டி ஷாஃப்டை விடுவித்து, பிறகு முழுக்கக் கழற்றி லோயரை உருவுங்கள். கீழே ஆயில் பிடிக்க ஒரு தட்டு வையுங்கள். சர்க்ளிப்பை (ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பூட்டு வளையம்) கழற்றும் முன் வால்வை இன்னொருமுறை அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று மிஞ்சியிருந்தால் ஷாஃப்ட் தோட்டா மாதிரி வெளியே வரும், இந்த வேலையில் உண்மையான ஆபத்து இது ஒன்றுதான். மாற்றி, சஸ்பென்ஷன் கிரீஸ் தடவி, லோயரில் கையேடு சொல்லும் அளவு ஆயில் ஊற்றி, கையேடு சொல்லும் டார்க்கில் போல்ட்டை முறுக்குங்கள். என்ஜின் ஆயிலும் வண்டிக் கிரீஸும் இதற்கு ஆகாது, சீல் உப்பிப் போகும்.

மாட்டிய பிறகு

ஸ்டீயரரை வெட்டும் முன் இரண்டு வாரம் வெட்டாமலே, ஸ்பேசர்களை மேலே அடுக்கி ஓட்டிப் பாருங்கள். உயரம் பிடித்த பிறகு, மேல் ஸ்பேசரின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே இருக்கும்படி வெட்டுங்கள். மேல்மூடி போல்ட்டால் ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்கி, பிறகுதான் ஸ்டெம் போல்ட்டுகள். அவற்றுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்டெம்மில் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்; ஹெட்செட்டில் விரலுக்கு 'டிக்' என்று தட்டினால் இன்னும் ஆட்டம் இருக்கிறது.

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸும் கியர் கேபிளும் இழுபடுகிறதா, ஃபோர்க்கின் மேல்திருகு டவுன் ட்யூபில் இடிக்கிறதா என்று பாருங்கள். நீள ஃபோர்க்கில் ஹோஸ் 20 மி.மீ. குறைவாகப் போய்த் திருப்பத்தில் சுண்டுவது அடிக்கடி நடப்பது.

பிறகு சீட், ஸ்பேசர், ஸாக் மூன்றையும் மேலே சொன்னபடி திரும்ப வையுங்கள். சோதனை ஓட்டத்துக்குத் தனியார் எஸ்டேட் பாதை என்றால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது. மாலையில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். கோணம் மாறிய சைக்கிளில் அதன் முன்னால் திடீரென்று திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் வாரம் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வழக்கமான பாதையில் 10–15 சதவீத டிராவல் மிஞ்சினால் சரி. ஒரே ஓட்டத்தில் பலமுறை அடி முட்டுகிறது, ஆனால் ஸாக் சரியாக இருக்கிறது என்றால் காற்றைக் கூட்டாமல் உள்ளே ஒரு டோக்கன் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) போடுங்கள். அது கடைசி மூன்றிலொரு பங்கை மட்டும் விறைப்பாக்கும். எப்போதும் 30 மி.மீ.க்கு மேல் மிஞ்சினால் 5 பி.எஸ்.ஐ. இறக்குங்கள். இறக்கியும் மிஞ்சினால் லோயர் காற்றையோ, அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலையோ சந்தேகப்படலாம். சும்மா நிற்கும்போதே ஃபோர்க் முழு நீளத்துக்கு வராமல் 10–15 மி.மீ. உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால், எதிரறையில் காற்று அதிகமாகத் தேங்கியிருக்கிறது. மெதுவாகக் காற்றை முழுக்க விட்டு, மேலே சொன்ன 20 பி.எஸ்.ஐ. முறையில் மறுபடி அடியுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் உள் சீல் போயிருக்கிறது.

லோயர் சர்வீஸுக்கு 50 மணி நேரம் என்பது பொதுவான அளவு. தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிக் கொட்டும் மாதங்களில் 30 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. வடியும் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அதே நாளில் ஹெட் ட்யூபின் அடி வெல்டிங்கைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, பெயின்ட்டில் மயிரிழைக் கோடு எதுவும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.